கடல் வாயை மூடிக்கொண்ட காலம்

எங்கள் ஊர்க் கடலின் சத்தத்தை யாரோ திருடிவிட்டார்கள் என்று ஊர் சொன்னது, திருடியது என் அம்மாதான் என்றும் அதே ஊர் சொன்னது. இதில் எது சரி எது தப்பு என்பதைக் கடைசியில் சொல்கிறேன், நடுவில் கேட்டால் சொல்ல மாட்டேன். என் பெயர் டெல்பின். பள்ளிக்கூடத்தைப் பத்தாவதோடு விட்டுவிட்டேன். பிடிக்கவில்லை, விட்டேன், அதில் பெரிய கதை ஒன்றும் கிடையாது.

ஊர் பெயர் ஆர்ப்பன்துறை. பெயர்ப் பலகையில் மட்டும்தான் அப்படி, வாயில் ஆப்பந்தொற. புதிதாக வருகிற ஒவ்வொரு பஸ் கண்டக்டரும் அங்கே ஆப்பம் நன்றாக இருக்குமா என்று கேட்பான். எங்கள் ஊரில் ஒருவருக்கும் ஆப்பம் சுடத் தெரியாது.

முத்துக் குளித்த காலத்தில் எவனுக்கோ பயந்து ஓடிவந்தவர்கள்தான் இங்கே முதல் ஆட்கள். எவனுக்கு என்பதில் ஆளுக்கொரு கதை. வரி கேட்ட ராஜா என்பார் ஒருத்தர், கப்பல் வைத்திருந்த வெள்ளைக்காரன் என்பார் இன்னொருத்தர், சொந்த அண்ணன் தம்பிக்குத்தான் பயந்து ஓடினார்கள் என்பாள் எங்கள் பக்கத்து வீட்டுப் பவுலினாப் பெரியம்மை, அவள் சொல்வதுதான் உண்மையாக இருக்கும், ஏனென்றால் எங்கள் ஊரை எனக்குத் தெரியும். ஓடிவந்தவர்கள் ஒளிய இடம் தேடிக் கரையோடு கரையாக நடந்து, ஒவ்வொரு இடத்திலும் ஒரு கைப்பிள்ளையைக் கிள்ளி அழவிட்டு, ஒருத்தரைத் தள்ளி நிற்கவைத்து அழுகை கேட்கிறதா கேட்கிறதா என்று கேட்டு, கேட்கிற இடத்தையெல்லாம் விட்டு நடந்து, கடைசியில் கடல் பாறைத் திட்டில் மோதி இரைகிற இந்த இடத்துக்கு வந்தபோது, பிள்ளை வாயைத் திறந்து அழுவது கண்ணுக்குத் தெரிந்ததே ஒழியக் காதில் விழவில்லையாம். அங்கேயே குடிசை போட்டார்கள். ஒளிய வந்தவர்கள் கட்டின ஊர் எப்படி இருக்குமோ அப்படித்தான் இன்றைக்கும் இருக்கிறது. அதற்குப் பிறகு கடல் ஒரு தெருவைத் தின்றது, கோயில் ரெண்டு தடவை இடம் மாறியது, குடிசை போய் ஓடு வந்து ஓடு போய்த் தளம் வந்தது, அலையைத் தடுக்கக் கல்லடுக்கித் தூண்டில் வளைவு கட்டித் தரச் சொல்லி மனுக் கொடுத்துக் கொடுத்துக் கமிட்டித் தலைவர்கள் கிழவர்கள் ஆனார்கள். சத்தம் மட்டும் அப்படியே இருந்தது.

அந்தச் சத்தம்தான் எங்களுக்குச் சுவர். புருசன் பெண்டாட்டிச் சண்டை, களவாகப் பேசுகிற பேச்சு, பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிய வயிற்றெரிச்சல், எல்லாவற்றுக்கும் மேலே அது பாய் விரித்த மாதிரிக் கிடந்தது. கத்திப் பேசித்தான் எங்களுக்குப் பழக்கம். அசலூர்க் கல்யாணத்துக்குப் போனால், “ஆப்பந்தொறக்காரங்க வந்துட்டாங்க, ரேடியோவை நிப்பாட்டு” என்பார்கள்.

அதுதான் எங்களுக்கு வழியும். கரைக்கு முன்னால் தண்ணீருக்குள் ரெண்டு பாறைத் திட்டு உண்டு. எங்கள் வாயில் அது பார். இடது பக்கப் பாருக்கு மூத்தவன் என்று பெயர், வலது பக்கத்துக்கு இளையவள். நடுவில் ஒரு வள்ளம் நுழைகிற அளவுக்கு வாசல். மூத்தவன்மேல் அலை ‘தொம்’ என்று ஒரே அடியாக விழும், இளையவள்மேல் ‘சர்ர்ர்’ என்று இழுபடும். இருட்டிலும் மழையிலும் வருகிறவர்கள் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார்கள். தொம் ஒரு காதிலும் சர்ர்ர் மற்றக் காதிலும் சமமாக விழுந்தால் வள்ளம் வாசலுக்கு நேரே நிற்கிறது என்று அர்த்தம். ஜிபிஎஸ் எல்லாரிடமும் இருக்கிறது. அது ஊரைக் காட்டும், வாசலைக் காட்டாது.

என் அம்மா ஞானதீபம் கரிசல்காட்டுக்காரி. அவள் ஊரில் காற்றடித்தால் சோளத்தட்டை சலசலக்கும், அதுதான் அங்கே பெரிய சத்தம். என் அப்பா செலஸ்டின் கருவாட்டு வண்டியோடு அந்தப் பக்கம் போய்க் கருவாட்டை விற்றுவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். வந்த அன்றைக்கு அவள் கேட்ட முதல் கேள்வி, “இந்தச் சத்தம் எப்ப நிக்கும்?” ஊர் சிரித்தது. அதற்குப் பிறகும் அவள் என்னென்னவோ பேசியிருப்பாள், ஒன்றும் யாருக்கும் கேட்கவில்லை, அவளுக்குக் கத்த வராது. ஆனால் அந்த ஒரு கேள்வியை ஊர் மறக்கவில்லை. மெதுவாகப் பேசுகிறவள் எதையோ ஒளிக்கிறாள் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

கடல் நின்ற காலையில் நான் வாசலில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அலை வந்தது, எழுந்தது, மடிந்தது, நுரையை விட்டுவிட்டுத் திரும்பிப் போனது. சத்தம் இல்லை. முதலில் எல்லாரும் சொந்தக் காதைத்தான் சந்தேகப்பட்டார்கள், எண்ணெய் விட்டார்கள், தலையைச் சாய்த்துக் குதித்தார்கள். பிறகு கமிட்டித் தலைவர் இஞ்ஞாசி கொரைரா தன் வீட்டுக்குள் பல் தேய்த்துக்கொண்டே பெண்டாட்டியிடம் சொன்னது ஊர் முழுக்க மணி மணியாகக் கேட்டது.

“சாமியாருக்கு என்னளா தெரியும்? அது ஒரு மக்குப் பாதிரி.”

சாமியார் அப்போது கோயில் வாசலில் நின்றிருந்தார். நின்றபடியே நின்றார். ஊரின் காதில் குறை இல்லை, கடலுக்குத்தான் வாய் போய்விட்டது என்று எங்களுக்கு விளங்கியது.

கடலுக்கு ஏன் இப்படி ஆனது என்று யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. இனி எப்படிப் பேசுவது என்பதுதான் அவசரம். அந்த வாரமே ஊர் கிசுகிசுக்கப் பழகிக்கொண்டது. மீன் ஏலம் கிசுகிசுப்பில் நடந்தது, எவன் எவ்வளவு கேட்டான் என்று தெரியாமல் எல்லாரும் எல்லாரையும் முறைத்தார்கள். பாவசங்கீர்த்தனம் கேட்கும்போது கோயிலுக்குப் பின்னால் ஐஸ் உடைக்கிற மிஷினை ஓடவிட வேண்டும் என்று சாமியார் சொல்லிவிட்டார். பாவம் கூடுதலாக இருக்கிறவர்களுக்கு ஐஸ் பார் கூடுதலாக உடைபட்டது. மிஷின் எவ்வளவு நேரம் ஓடியது என்று வெளியே நின்று காதைத் தீட்டினார்கள். வீட்டுக்குள் ஏதாவது பேச வேண்டுமென்றால் வெறும் மிக்ஸியை ஓடவிட்டார்கள், எந்த வீட்டில் மிக்ஸி ஓடுகிறதோ அந்த வீட்டில் ரகசியம் இருக்கிறது என்று மற்றவர்கள் புரிந்துகொண்டார்கள், மோட்டார்கள் புகைந்தன, ரிப்பேர்க்காரன் ஒருவன் ஊரிலேயே ரூம் எடுத்துத் தங்கிவிட்டான். கைப்பிள்ளைகள்கூடத் தலையணையில் முகத்தைப் புதைத்து அழக் கற்றுக்கொண்டன. அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு சந்தேகம் வந்தது. கூப்பிட வேண்டியதே இல்லை, அது எங்கள் ஊர்க்காரன் மாதிரி நேரே வந்து உட்கார்ந்தது. பக்கத்து ஊரான பெரியமணல்காரர்களுக்கும் எங்களுக்கும் வலை போடுகிற எல்லையில் பழைய தகராறு. அவர்கள்தான் சத்தத்தை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று நாலு பேரைக் கேட்டுவர அனுப்பினார்கள். போனவர்கள் அந்தக் கரையில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்துவிட்டு வந்தார்கள்.

“அவங்க கடல் நல்லாத்தான் கத்துது தலைவரே.”

“நம்ம சத்தம் அதுல கலந்துருக்கா?”

“இல்ல. நம்ம சத்தத்துல ஒரு இழுப்பு உண்டும்லா? இது மொட்டையா முடியுது.”

சவுண்ட் சர்வீஸ்காரனை வரவழைத்துக் கோயில் கோபுரத்தில் குழாய் கட்டி, செல்போனில் பிடித்த அலைச் சத்தத்தைப் போட்டுப் பார்த்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது ஏதோ பட்டணத்துக் கடல். ஒவ்வொரு சுற்றிலும் அலைக்கு நடுவே ஒருவன், “சுண்டல், சுண்டல், மாங்கா சுண்டல்” என்று கூவிக்கொண்டு போனான். மூன்றாம் நாள் பவுலினாப் பெரியம்மை வெளியே வந்து, “அந்தச் சுண்டல்காரனை ஒண்ணு கடல்ல தள்ளுங்க, இல்ல எனக்கு ஒரு பொட்டலம் வாங்கிக் குடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். குழாயைக் கழற்றிவிட்டார்கள்.

வெளியே திருடன் கிடைக்காததால் ஊருக்குள் தேடினார்கள். இதற்குள் எல்லா வீட்டின் வண்டவாளமும் வெளியே வந்திருந்தது. யார் யாரைப் பற்றி என்ன சொல்கிறார்கள், எவன் தூக்கத்தில் எவள் பெயரைச் சொல்கிறான், எந்த வீட்டில் மாமியாருக்குத் தெரியாமல் கறி வேகிறது, எல்லாம். ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக் கேட்டார்கள், சட்டையைப் பிடித்தார்கள், ஒரு கல்யாணம் நின்றது. ஆனால் எங்கள் வீட்டிலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. பாத்திரம் வைக்கிற சத்தம் வரும், தண்ணீர் ஊற்றுகிற சத்தம் வரும், அம்மா ஒருத்தரையும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள்.

பவுலினாப் பெரியம்மை கணக்குப் போட்டாள். “எல்லாப் பயலும் களவாணின்னு தெரிஞ்சிட்டு. ஒருத்தி மட்டும் சுத்தம்னா எப்படி? அவதான் இந்தச் சத்தம் எப்ப நிக்கும்னு அன்னைக்கே கேட்டவ. இப்பப் பாரு, முகத்துல என்ன தெளிச்சி. அவ தூங்குதா. நாமதான் முழிச்சுக் கெடக்கோம்.”

இதைச் சுவருக்கு அந்தப் பக்கம் தன் மகன் ரீகனிடம் சொன்னாள். நாங்கள் இந்தப் பக்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். என் அப்பா ரீகனின் வள்ளத்தில்தான் தொழிலுக்குப் போகிறார். கையிலிருந்த சோற்றைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

“ஏளா, நீ ஏதாச்சும் செஞ்சியா?”

ஊரே கேட்டது. ஊரே பதிலுக்குக் காத்திருந்தது, எனக்கு அது சுவர் வழியாகத் தெரிந்தது.

“சோறு ஆறுது” என்றாள் அம்மா.

அந்தப் பதிலைத் தெருவில் வைத்து ஒரு வாரம் உரசிப் பார்த்தார்கள். செய்யவில்லை என்று அவள் சொல்லவில்லையே என்றார்கள். உண்மையைச் சொன்னால், நானும் அதைத்தான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசைக்குப் பிறகு அம்மா கோயில் படியில் நின்று தான் எடுக்கவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும், இல்லையென்றால் சத்தம் வருகிறவரை அவள் ஊருக்கே போய்விட வேண்டும் என்று கமிட்டி முடிவு செய்தது. அவள் போகாமல் இருந்தால் அப்பாவை எந்த வள்ளத்திலும் ஏற்ற மாட்டார்கள். எங்கள் ஊரில் கமிட்டி சொன்னதை மீறிய வீட்டோடு வெயிலும் பேசாது.

நான் அம்மாவிடம் சொன்னேன். “யம்மா, நீ யாரையாச்சும் திட்டு. எல்லாருக்கும் கேக்குற மாதிரி நல்லாத் திட்டு. அப்பதான் நம்மளையும் மனுசங்கன்னு நம்புவாவ.”

“யாரைத் தாயி திட்ட?”

“யாரை வேணா. பவுலினாப் பெரியம்மையத் திட்டு. உன்னைக் களவாணிங்கால்லா.”

அம்மா வெகுநேரம் யோசித்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் சொன்னாள். “பவுலினா அக்கா வைக்கிற குழம்புல புளி கொஞ்சம் கூட.”

“யாரு குழம்புலளா புளி கூட?” என்றது சுவர்.

அன்றைக்கு மத்தியானம் அம்மா தரையில் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பகலில் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை, இந்தக் கடல் நின்ற பிறகுதான். நானும் பக்கத்தில் படுத்து, எரிச்சலில் அவள் முதுகில் தலையை முட்டிக்கொண்டு கிடந்தேன். அப்போது கேட்டது. தூரத்தில், ஒரு பானைக்குள் மூடி வைத்த மாதிரி: தொம். பிறகு, சர்ர்ர்.

எழுந்து உட்கார்ந்தேன். மறுபடி காதை வைத்தேன். தொம். சர்ர்ர். அதே இழுப்பு.

அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள், விரலை உதட்டில் வைத்தாள். அப்போதுதான் எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. இந்தக் காலம் முழுக்க அவள் வாயை அகலமாகத் திறக்கவே இல்லை. சோற்றைச் சின்னச் சின்ன உருண்டையாக உள்ளே தள்ளினாள். கோயிலில் எல்லாரும் பாடும்போது உதட்டை மட்டும் அசைத்தாள். நான் இவ்வளவு சந்தேகப்பட்டும் இதைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

விறகு பொறுக்கப் போகிறோம் என்று சுவருக்குக் கேட்கச் சொல்லிவிட்டு, ஊருக்கு மேற்கே தேரிக்காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். செம்மண் மேடும் பனையும் தவிர அங்கே ஆள் கிடையாது. அங்கே வைத்துக் கேட்டேன்.

“களவாண்டியா?”

“இல்ல தாயி. எப்பவும் போலத் தூக்கம் வராம முத்தத்துல கடலப் பாத்து உக்காந்திருந்தேன். கொட்டாவி வந்துச்சு. உள்ள போயிருச்சு.”

“என்னது?”

“அதுதான். பூரா.”

“அப்ப உடனே துப்ப வேண்டியதுதான?”

“துப்பத்தான் போனேன்.” ஒரு பனை ஓலையை எடுத்து முள்ளைக் கிள்ளிக்கொண்டே பேசினாள், அவள் இவ்வளவு சொல்லி நான் கேட்டதே இல்லை. “அப்ப நீ உள்ள தூங்கிக்கிட்டு இருந்த. மூச்சு விடுறது கேட்டுச்சு. நீ பொறந்ததுலருந்து ஒரு நாள்கூட எனக்கு அது கேட்டதில்ல. சின்னப் பிள்ளையா இருக்கும்போது நெஞ்சுல கைய வச்சுப் பாப்பேன், மூச்சு இருக்கான்னு. அன்னைக்குக் கை வைக்காமக் கேட்டேன். அதான் கொஞ்ச நாள் வச்சுக்கிடுவோம்னு.”

எனக்குக் கோபம்தான் வந்தது. “உன்னை ஊரை விட்டு அனுப்பப் போறாவ. தெரியுமா?”

“அனுப்பினா இதையும் கொண்டுகிட்டுப் போயிருவேன்” என்றாள். சிரிக்கவில்லை. அந்த நேரத்தில் என் அம்மாவைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

ஊருக்குள் திரும்பும்போது இஞ்ஞாசி கொரைரா வழியில் மறித்தார். “ஏட்டி டெல்பி, நீ பொய் சொல்ல மாட்ட. ஊருக்கே தெரியும். உங்க அம்மை ராத்திரி என்ன செய்யுதா?”

“தூங்குதா.”

“வேற?”

“கொறட்டைகூட விட மாட்டா.”

ரெண்டும் உண்மை. உண்மையை மட்டும் சொல்லிக்கொண்டே ஒருத்தரை இருட்டில் நிறுத்தி வைக்கலாம் என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் இதையெல்லாம் சொல்லித் தருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள், அதனால் சனிக்கிழமை எல்லா வள்ளமும் போகும். கடல் ஊமையான பிறகு வெளிச்சத்தில் போய் வெளிச்சத்தில் திரும்பினார்கள். அன்றைக்கும் விடிந்த பிறகுதான் போனார்கள், அப்பாவும் ரீகனும் போனார்கள், அடுத்த நாள் கூட்டத்தை நினைத்து ஒருத்தரோடு ஒருத்தர் பேசாமல் போனார்கள். அவர்கள் போய் வெயில் ஏற வேண்டிய நேரத்தில் பனி இறங்கியது. மாசிப் பனி எங்களுக்குப் புதிது இல்லை, ஆனால் அது காலையில் வந்து காலையில் போய்விடும். இது வந்து உட்கார்ந்தது, பஞ்சு மூட்டையை அவிழ்த்துக் கொட்டின மாதிரி, கரையில் நிற்கிறவர்களுக்கு முதல் அலைக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

வள்ளங்கள் திரும்பி வருவது கேட்டது. எஞ்சின் கேட்டது. எஞ்சின்கள் ஒவ்வொன்றாக நிற்பது கேட்டது. கடல் வாயை மூடிக்கொண்டிருந்ததால் பாருக்கு அந்தப் பக்கம் அவர்கள் பேசுவதும் பக்கத்து அறையில் பேசுகிற மாதிரிக் கேட்டது.

“சித்தப்பா, என் கை எனக்கே தெரியல.” ரீகன்.

“காதக் குடுல.” என் அப்பா.

“என்னத்தக் கேக்க? இந்தச் சவத்துக் கடல்தான் செத்துக் கெடக்கே.”

“பேசாம இரு. நீரோட்டம் நம்மளத் தள்ளுது.”

பவுலினாப் பெரியம்மை தண்ணீர் ஓரத்துக்கு ஓடினாள். கிசுகிசுத்துப் பழகின தொண்டையிலிருந்து குரல் கிழிந்து வந்தது. “லேய் ரீகனு! எடது கைப் பக்கமா வால!” இன்னொருத்தி வலது பக்கம் என்று கத்தினாள். கோயில் மணியை அடித்தார்கள், பனிக்குள் அந்த மணி நாலு பக்கத்திலிருந்தும் கேட்டது. இஞ்ஞாசி கொரைரா, “யாரும் கத்தாதீங்க!” என்று எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினார். அப்போது ஒரு வள்ளம் மூத்தவன்மேல் உரசியது. ஃபைபர் கிழிகிற சத்தம். யாரோ தண்ணீரில் விழுகிற சத்தம், கயிற்றைப் பிடி கயிற்றைப் பிடி என்று அப்பாவின் குரல், விழுந்தவன் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிற சத்தம். ஒன்றையும் பார்க்காமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நாங்கள் கரையில் நின்றோம். அடுத்து எந்த வள்ளம் என்று நின்றோம்.

அம்மா எனக்குப் பக்கத்தில்தான் நின்றாள். கையால் வாயைப் பொத்தியிருந்தாள். என்னைப் பார்த்தாள். திற என்று நான் சொல்லவில்லை, திறக்காதே என்றும் சொல்லவில்லை. திறந்தால் ஊருக்கே தெரிந்துவிடும், நாளைக்குக் கூட்டம். திறக்காவிட்டால் அப்பா.

அவள் கையை எடுத்தாள். என் நெஞ்சில் ஒரு கணம் உள்ளங்கையை வைத்தாள், பிறகு நடந்தாள். தண்ணீர் முழங்காலுக்கு வருகிற இடத்தில் பெரியம்மை நின்றிருந்தாள்.

“தள்ளுங்க அக்கா” என்றாள். அந்த மெல்லிய குரல் எல்லாருக்கும் கேட்டது.

பிறகு வாயைத் திறந்தாள். கத்தவில்லை, கூப்பிடவில்லை, கொட்டாவி விடுகிற மாதிரித் திறந்தாள், திறந்து திறந்து இனித் திறக்க முடியாது என்கிற அளவுக்குத் திறந்தாள், அதிலிருந்து கடல் வந்தது. முதலில் மொத்தமாக ஒரே கட்டியாக வந்தது, கோயில் கோபுரத்துப் புறா எல்லாம் எழுந்தன, பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு மணலில் உட்கார்ந்தார்கள், எந்த வீட்டிலோ ஒரு கைப்பிள்ளை தலையணையிலிருந்து முகத்தை எடுத்து வாயைத் திறந்து அழுதிருக்கும், எங்களுக்குக் கேட்கவில்லை. பிறகு அந்தக் கட்டி உடைந்து பரவி, ஒவ்வொரு அலையும் தன்னுடையதை வாங்கிக்கொண்டு போனது, கரை அலை, நடு அலை, பாரின் அலை. கடைசியில் பனிக்கு அப்பால் மூத்தவன் சொன்னான்: தொம். இளையவள் சொன்னாள்: சர்ர்ர்.

வள்ளங்கள் வந்தன. ஒன்றன் பின்னால் ஒன்றாக, வாசல் வழியாக, கதவைத் திறந்து வீட்டுக்குள் வருகிற மாதிரி வந்தன. கிழிந்த வள்ளத்தைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு அப்பாவும் ரீகனும் கடைசியாக வந்தார்கள்.

பவுலினாப் பெரியம்மை ரீகனை முதலில் முதுகில் ரெண்டு அடி அடித்தாள், பிறகு கட்டிக்கொண்டாள், பிறகு அவன் தோளுக்கு மேலாக அம்மாவைப் பார்த்தாள். எல்லாரும் பார்த்தார்கள். பார்க்காதவர் ஒருத்தர்கூட இல்லை. அம்மா வாயை மூடிக்கொண்டு தண்ணீரில் நின்றாள், உதட்டோரம் கிழிந்து ரத்தம் வந்திருந்தது. பெரியம்மை ஏதோ சொன்னாள். என்ன சொன்னாளோ, அவள் வாய் அசைவது தெரிந்ததே ஒழிய ஒன்றும் காதில் விழவில்லை. கடல் அப்படி இரைந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நடந்தது. இஞ்ஞாசி கொரைரா எழுந்து பேசினார், கேட்கவில்லை என்று பின்னாலிருந்து கத்தினார்கள், அவர் கத்தினார், இவர்களும் கத்தினார்கள், சாமியார் எழுந்து ஏதோ கத்தினார், எல்லாரும் தலையை ஆட்டிவிட்டுக் கலைந்து போனார்கள். அம்மாவைப் பற்றி என்ன முடிவு எடுத்தார்கள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அவர்களுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். அன்று மத்தியானம் ரீகன் ஒரு தூக்குவாளியில் மீன் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். புளி குறைவாக இருந்தது.

ஊர் மறுபடி கத்திப் பேசுகிறது. ஆனால் கோயிலில் பாட்டுப் பாடும்போது அம்மா வாயைத் திறந்தால் முன்வரிசைப் பெண்கள் திரும்பிக் கடலைப் பார்க்கிறார்கள். அது கத்துகிறது என்று தெரிந்த பிறகுதான் அவர்களும் பாடுகிறார்கள். அப்பாவுக்கு வள்ளத்தில் இடம் இருக்கிறது. அவர் அம்மாவிடம் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குப் பயம்.

கடைசியில் சொல்கிறேன் என்றேன். அம்மா திருடவில்லை. தானாக வந்ததைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தாள், அவ்வளவுதான். அது திருட்டா என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரிந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அவள் மறுபடி தூங்குவதில்லை. நான் பாயை இழுத்து அவள் காதுக்குப் பக்கத்தில் என் தலை வருகிற மாதிரிப் போட்டுக்கொண்டு, கொஞ்சம் சத்தமாகவே மூச்சு விடுகிறேன். கேட்கிறதா என்று கத்திக் கேட்டால் ஏதோ பதில் சொல்கிறாள். என்ன பதில் என்று எனக்குக் கேட்பதில்லை. சில நேரம் அவளுக்குக் கொட்டாவி வரும். உடனே கையை வாய்க்குக் கொண்டுபோவாள். மூடுவதற்கு முன்னால் ஒரு தடவை என்னைப் பார்ப்பாள்.

நான் வேண்டாம் என்று சொன்னதில்லை.